எச்சரிக்கை வந்த பிறகு என்ன நடந்தது? காவல்துறையின் முன்தலையீட்டு அமைப்பை மதிப்பிடுவது எப்படி

நான் தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். காவல்துறையோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு, ஒருமுறை அதிவேகமாகக் கார் ஓட்டியதற்குக் கட்டிய அபராதம். அமெரிக்காவின் நடுத்தர நகரம் ஒன்றின் நகரமன்றம், தன் காவல்துறை பெரும் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் உருப்படியாக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் அலுவலகத்தைக் கேட்டது. அலுவலகத்தில் வேலையைப் பிரித்துக் கொடுத்த கூட்டம் நடந்த நாளில் நான் விடுப்பில் இருந்தேன். ஆகவே வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு இதே போன்ற மதிப்பீடுகள் இன்னும் மூன்றில் பங்கெடுத்துவிட்டேன். முதலாவதில் நான் செய்த பிழைகளை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. இந்த வேலை யாருடைய மேசைக்காவது வந்து சேர்ந்தால், அவர் அந்தக் கூச்சத்தைத் தவிர்ப்பதற்காக இதை எழுதுகிறேன்.

முன்தலையீட்டு அமைப்பு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காவலரைப் பற்றியும் சிதறிக் கிடக்கும் பதிவுகளை, அதாவது பொதுமக்கள் புகார், பலப்பிரயோக அறிக்கை, வாகனத் துரத்தல், விபத்து, வழக்கு, நோய் விடுப்பு ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினால் நேரடி மேலதிகாரியான சார்ஜென்ட்டுக்கு எச்சரிக்கை போகிறது. அவர் அந்தக் காவலரை அழைத்துப் பேச வேண்டும். தேவைப்பட்டால் பயிற்சிக்கோ மனநல ஆலோசனைக்கோ அனுப்ப வேண்டும். இது தண்டனை அல்ல. தண்டனை தேவைப்படும் நிலை வருவதற்கு முன்பே குறுக்கிடுவதுதான் நோக்கம்.

யோசனை புதிதல்ல. அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் 1981-லேயே இதைப் பரிந்துரைத்தது. ஆனால் பலருக்கு உறைத்தது 1991-ல்தான். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் காவலர்களால் தாக்கப்பட்ட பிறகு வாரன் கிறிஸ்டோபர் தலைமையில் அமைந்த ஆணையம் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் கோப்புகளைப் புரட்டியது. 1986 முதல் 1990 வரை அளவுக்கு மீறிய பலப்பிரயோகம் அல்லது முறையற்ற நடவடிக்கை என்று குற்றச்சாட்டு வந்த காவலர்கள் ஏறத்தாழ 1,800 பேர். அவர்களில் 1,400-க்கும் மேற்பட்டோர் மீது ஒன்றோ இரண்டோதான். ஆறும் அதற்கு மேலும் வந்தவர்கள் 44 பேர். எனக்கு மறக்காத விவரம் அடுத்தது: அந்த 44 பேரின் ஆண்டுப் பணி மதிப்பீடுகள் பெரும்பாலும் பாராட்டாகவே இருந்தன. தகவல் கட்டடத்திற்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு அறையில் புகார், இன்னொரு அறையில் பாராட்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

இனி, வேலைக்கு வருவோம்.

திரையை மூடிவிட்டுத் தொடங்குங்கள்

முதல் நாளே உங்களுக்கு வண்ணப் படங்கள் நிறைந்த திரை ஒன்றைக் காட்டுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். முதல் மதிப்பீட்டில் நான் மூன்று வாரத்தை அந்தத் திரைக்கு முன்னால் தொலைத்தேன். அதில் இருப்பது உள்ளே போன தரவு மட்டுமே. உள்ளே போகாமல் நின்றுவிட்டதை அது ஒருநாளும் காட்டாது.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். அமைப்புக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கும் ஆவணங்களில் ஒரு முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நகர வழக்கறிஞர் அலுவலகம் இழப்பீடு கொடுத்து முடித்த வழக்குகள் நல்ல தொடக்கம். ஒவ்வொரு வழக்கிலும் பெயர் வரும் காவலரை அமைப்பில் தேடுங்கள். அந்த நிகழ்வு அங்கே பதிவாகியிருக்கிறதா?

நான் பார்த்த ஒரு நகரத்தில் ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை. சூழ்ச்சி எதுவும் இல்லை. வழக்கறிஞர் அலுவலகம் காவலரைப் பெயரால் பதிவு செய்தது. காவல்துறை பணியாளர் எண்ணால் பதிவு செய்தது. இரண்டையும் இணைக்கும் பட்டியலைத் தயாரிப்பது யார் பொறுப்பு என்பதில் இரு அலுவலகங்களுக்கும் இடையே நெடுநாள் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நகரம் இழப்பீட்டுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டபடியே இருந்தது.

சிறைச்சாலையின் சேர்க்கைப் பதிவேடு இன்னொரு நல்ல இடம். கைதாகி வருபவரின் உடம்பில் காயம் இருந்தால் அங்கிருக்கும் செவிலியர் குறித்துவைப்பார். அந்தக் குறிப்புகளைப் பலப்பிரயோக அறிக்கைகளோடு தேதி வாரியாக ஒப்பிடுங்கள். காயம் இருக்கிறது, அறிக்கை இல்லை என்றால், காரணம் கேட்க வேண்டிய இடம் அது. காயம் காவலரால்தான் ஏற்பட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வேலி தாண்டி விழுந்தவர்களும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட இடைவெளிகள் எல்லாம் ஒரே ரோந்துப் பிரிவிலிருந்து வந்தால், அந்தப் பிரிவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரூபிக்கப்படாத புகார்கள் அமைப்பில் சேர்கின்றனவா என்றும் கேளுங்கள். சேர வேண்டும். காவலர் சொல், குடிமகன் சொல் என்று இரண்டு மட்டுமே இருக்கும்போது பெரும்பாலான புகார்கள் நிரூபணம் ஆகாமல்தான் முடியும். ஒரு புகார் நிரூபணம் ஆகவில்லை என்றால் அதில் பொருள் இல்லாமல் இருக்கலாம். தொடர்பே இல்லாத ஏழு பேர் ஒரே மாதிரியான நடத்தையைச் சொல்லியிருந்தால் கதை வேறு. காவலர் சங்கம் இதை எதிர்க்கும். அவர்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது: தண்டிக்க இந்தப் புகார்களைப் பயன்படுத்தக் கூடாது. பேசிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தலாம். இந்தக் கோடு விதிகளில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் இல்லாத கோடு முதல் நெருக்கடியிலேயே அழிந்துவிடும்.

வரம்பை யார் வைத்தார்கள்?

“பன்னிரண்டு மாதத்தில் மூன்று புகார்” என்பது போன்ற வரம்புகளைப் பார்த்தால், அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் வந்த நேர்மையான பதில்: பக்கத்து நகரம் மூன்று வைத்திருந்தது. பக்கத்து நகரத்தைக் கேட்டிருந்தால், அவர்களும் வேறொரு பக்கத்து நகரத்தைக் கைகாட்டியிருப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதில் வெளிப்படையான சிக்கல் உண்டு. குற்றம் மிகுந்த பகுதியில் இரவுப் பணி பார்ப்பவரும், பகலில் ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரும் ஒன்றல்ல. முன்னவருக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். பின்னவருக்கு வரவே வராது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் ஒரு குழி இருக்கிறது.

முதல் வழி, வகுத்துப் பார்ப்பது. நூறு கைதுகளுக்கு எத்தனை பலப்பிரயோகம் என்று கணக்கிடுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கைது என்பது வானிலை அல்ல. அதைச் செய்வதும் அதே காவலர்தான். அற்பக் காரணத்துக்கெல்லாம் கைது செய்பவரின் வகுக்கும் எண் பெரிதாகிறது, விகிதம் சிறிதாகிறது. யாரைப் பிடிக்க வேண்டுமோ அவரையே கணக்கு அழகாகக் காட்டிவிடும். காவலரின் விருப்பத்தைச் சாராத எண்ணால் வகுப்பது மேல்: பணியில் இருந்த மணிநேரம், கட்டுப்பாட்டு அறை அனுப்பிவைத்த அழைப்புகள். அழைப்புகளின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தற்கொலை நடந்த வீட்டுக்கும் குழந்தைகள் சிக்கிய வன்முறைக்கும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் போய்வந்தவர் எந்த மனநிலையில் அடுத்த காரை நிறுத்துவார் என்பதை எந்தப் புகார்க் கணக்கும் சொல்லாது.

இரண்டாவது வழி, சக காவலர்களோடு ஒப்பிடுவது. ஒரே பிரிவு, ஒரே பணிநேரம் கொண்டவர்களில் தனித்துத் தெரிபவரை அமைப்பு சுட்டுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2001-ல் கூட்டாட்சி அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற உடன்படிக்கையின் வழியாக இப்படித்தான் போனது. குழி எங்கே? பிரிவு முழுவதுமே கெட்டிருந்தால் தனித்துத் தெரிய யாரும் இல்லை. பால்டிமோரில் துப்பாக்கித் தடமறியும் சிறப்புப் பிரிவின் ஏழு பேர் 2017 மார்ச்சில் கூட்டாட்சி வழக்கில் கைதானார்கள். அப்படிப்பட்ட ஒரு பிரிவுக்குள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டால் எல்லோரும் சராசரி. ஆகவே காவலரைக் காவலரோடு ஒப்பிடும் அட்டவணைக்குப் பக்கத்தில், பிரிவைப் பிரிவோடும் சார்ஜென்ட்டைச் சார்ஜென்ட்டோடும் ஒப்பிடும் அட்டவணையையும் கேளுங்கள். அநேகமாக இருக்காது. நீங்களே போட வேண்டியிருக்கும்.

“90 சதவீதம் துல்லியம்”

மென்பொருள் விற்பவர் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார். காகிதத்தை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். எண்கள் கற்பனை, தர்க்கம் உண்மை.

ஒரு துறையில் 1,000 காவலர்கள். அடுத்த ஆண்டில் அவர்களில் 20 பேர் ஒரு கடுமையான நிகழ்வில் சிக்கப் போகிறார்கள். அமைப்பு 100 பேரைச் சுட்டுகிறது. அவர்களில் 12 பேர் அந்த இருபதைச் சேர்ந்தவர்கள். 88 எச்சரிக்கைகள் வீண். 8 பேர் தப்பிவிட்டார்கள். சரியாகச் சுட்டிய 12, சரியாக விட்டுவிட்ட 892, இரண்டையும் கூட்டினால் ஆயிரத்துக்கு 904. ஆக 90 சதவீதம் துல்லியம். விற்பவர் பொய் சொல்லவில்லை.

இப்போது ஒரு பெட்டிக்குள் ஒன்றுமே வைக்காமல் மூடி, அதற்கும் முன்தலையீட்டு அமைப்பு என்று பெயர் வையுங்கள். அது யாரையும் சுட்டாது. 980 பேரைச் சரியாக விட்டுவிடும். துல்லியம் 98 சதவீதம். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது விற்பனைப் பிரதிநிதி சிரித்தார். நகரமன்ற உறுப்பினர் சிரிக்கவில்லை.

கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். உண்மையாகச் சிக்கப் போகிறவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது? குருட்டாம்போக்கில் அதே நூறு பேரைப் பொறுக்கியிருந்தால் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? மேலே உள்ள கணக்கில் முதலாவதற்குப் பதில் 12, இரண்டாவதற்கு 2. ஆறு மடங்கு என்றால் நல்ல அமைப்புதான். வீணாகப் போன 88 பற்றி என்ன முடிவெடுப்பது என்பது, எச்சரிக்கைக்குப் பின் நடப்பதைப் பொறுத்தது. அரைமணி நேரப் பேச்சு என்றால் 88 பேரோடு பேசியதில் யாருக்கும் நட்டமில்லை. இடமாற்றமும் பதவி உயர்வு நிறுத்தமும் என்றால் 88 பேருக்கு அநியாயம்; அமைப்பு ஓராண்டுகூடத் தாங்காது. சிக்காகோ காவல்துறை 1990-களின் நடுவில் பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் மென்பொருளை வைத்து ஆபத்தான காவலர்களைக் கணிக்க முயன்று, சங்கத்தின் கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. இன்றைக்குப் புதிதாகப் பேசப்படும் பலவற்றுக்கு அது மூத்த அண்ணன்.

எச்சரிக்கைக்கும் பேச்சுக்கும் நடுவில்

உங்களிடம் இருக்கும் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். நான் பார்த்த நான்கு இடங்களிலும் அமைப்பு ஓட்டையானது இங்கேதான், மென்பொருளில் அல்ல.

எச்சரிக்கை வந்ததும் சார்ஜென்ட் ஒரு படிவத்தைத் திறந்து, தான் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அந்தக் குறிப்புகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். சுருக்க அட்டவணை போதாது. எழுதிய சொற்களே வேண்டும். பிறகு உட்கார்ந்து வாசியுங்கள். அலுப்பான வேலை. நான் ஒரு வார இறுதி முழுவதும் வாசித்தேன். முதல் நாற்பது குறிப்புகளுக்குள் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது: “நிகழ்வுகள் பரிசீலிக்கப்பட்டன, போக்கு எதுவும் காணப்படவில்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை.” ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு, ஆறு வெவ்வேறு சார்ஜென்ட்டுகளின் பெயரில். யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துப் பிழைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அது இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே கருத்துக்குத் தற்செயலாக வந்தார்கள் என்று விளக்கம் வந்திருக்கும்.

குறிப்புகளை வாசிக்கும்போது இவற்றை எண்ணிக்கொண்டே போங்கள்: எச்சரிக்கை வந்த நாளுக்கும் பேச்சு நடந்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள், “நடவடிக்கை தேவையில்லை” என்று முடிந்தவை எத்தனை, காவலர் சொன்ன ஒரு சொல்லாவது பதிவாகியிருப்பவை எத்தனை. கடைசியாகச் சொன்னதுதான் என் சொந்த உரைகல். உண்மையாகவே பேசியிருந்தால், எதிரே இருந்தவர் ஏதாவது சொல்லியிருப்பார். அது குறிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். “விவாகரத்து நடக்கிறது, தூக்கமில்லை என்றார்” என்று ஒரு குறிப்பில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த அமைப்பே கட்டப்பட்டது.

அடுத்து சார்ஜென்ட்டுகளை நேரில் பாருங்கள், தனித்தனியாக, அவர்களுடைய மேலதிகாரி இல்லாத அறையில். நான் பார்த்தவர்களில் இருபது ஆண்டுக்கு மேல் பணியில் இருந்த ஒருவர் முதல் பத்து நிமிடம் விதிகளை ஒப்பித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அம்மா, இந்தப் பையனோடு நேற்று ராத்திரி ஒரே காரில் போனேன். நாளை ராத்திரியும் போக வேண்டும். உனக்குக் கோபம் அதிகம் வருகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மென்பொருளை எப்படித் திறப்பது என்று இரண்டு மணி நேரம் சொல்லித் தந்தார்கள்.”

அறிக்கையில் இதைப் பெயரில்லாமல் அப்படியே போட்டேன். பயிற்சிப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நீங்களும் கேளுங்கள்: பயிற்சியில் எத்தனை மணி நேரம் திரையைப் பற்றி, எத்தனை மணி நேரம் கடினமான பேச்சை நடத்துவது பற்றி?

இன்னொன்று. சார்ஜென்ட் மாறும்போது திறந்திருக்கும் எச்சரிக்கை என்ன ஆகிறது? நான் பார்த்த ஒரு துறையில் அது பழைய சார்ஜென்ட்டின் பெயரிலேயே தங்கிவிட்டது. அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

புகார் குறைந்தால் வெற்றியா?

இங்கேதான் என் முதல் மதிப்பீடு வழுக்கி விழுந்தது. எச்சரிக்கைக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒப்பிட்டேன். புகார்கள் பாதியாகக் குறைந்திருந்தன. மகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த புள்ளியியல் படித்த இளைஞர் ஒருவர், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர் மருத்துவரிடம் போவார், மறுநாள் மருந்தில்லாமலும் காய்ச்சல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்றார். மிக மோசமான ஆண்டைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த ஆண்டு பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். அமைப்பு வேலை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

இதை மனதில் வைத்து வாசிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதிக் கழகம் 2001-ல் வெளியிட்ட ஆய்வு மயாமி-டேட், மினியாபொலிஸ், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய மூன்று துறைகளைப் பார்த்தது. மினியாபொலிஸில் தலையீட்டுக்குப் பின் ஓராண்டில் அந்தக் காவலர்கள் மீதான சராசரிப் புகார் 67 சதவீதம் குறைந்தது. நியூ ஆர்லியன்ஸில் 62 சதவீதம். இந்த எண்களைக் காட்டாத விற்பனைப் பிரதிநிதியை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதே மினியாபொலிஸில்தான் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அவர் கழுத்தில் முழங்காலை வைத்த காவலர் டெரிக் சோவின் மீது அதற்கு முன் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட புகார்கள் இருந்தன. பெரும்பாலானவை ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல் மூடப்பட்டவை. பழைய ஆய்வு பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு காலத்தில் அளந்த பலன் அப்படியே தங்கிவிடாது. யாராவது அதை ஒவ்வொரு ஆண்டும் பிடித்து நிறுத்த வேண்டும்.

சரியாக ஒப்பிட என்ன வழி? எச்சரிக்கை வராத, ஆனால் கிட்டத்தட்ட வந்திருக்கக்கூடிய காவலர்கள் வேண்டும். வரம்பு மூன்று என்றால் இரண்டில் நின்றவர்கள். அவர்களுடைய புகாரும் அதே அளவு குறைந்திருந்தால், உங்கள் அமைப்பு பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்னும் நல்ல வழி, அமைப்பை எல்லாக் காவல் வட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்காமல் சிலவற்றில் முதலிலும் மற்றவற்றில் ஓராண்டு கழித்தும் தொடங்கச் சொல்வது. எந்த வட்டம் முதலில் என்பதைக் குலுக்கலில் எடுப்பது. இதற்கு உங்களை அமைப்பு வாங்கும் முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட மாட்டார்கள்.

புகார் குறைந்ததற்கு வேறு விளக்கங்களையும் தேடுங்கள். காவலர் இரவுப் பணியிலிருந்து பகலுக்கு மாறிவிட்டாரா? வேலையே செய்யாமல் காரில் உட்கார்ந்திருக்கிறாரா? நிலையத்தில் புகார்ப் படிவம் கேட்பவரைத் திருப்பி அனுப்புகிறார்களா? கடைசியைச் சோதிக்க எளிய வழி, நீங்களே போய் ஒரு படிவம் கேட்பது. என்னிடம் ஓரிடத்தில், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அன்று வெள்ளி மாலை.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். சிக்காகோவின் தரவை வைத்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட பத்து சதவீதக் காவலர்களுக்குப் பதிலாக நடுத்தரமானவர்களை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டது. பத்தாண்டுகளில் பலப்பிரயோகம் 4 முதல் 6 சதவீதம் வரை மட்டுமே குறைந்திருக்கும். சில அழுகிய பழங்களைப் பொறுக்கி எறிந்தால் போதும் என்று நம்பும் நகரமன்றத்துக்கு இதை நான் தவறாமல் காட்டுகிறேன்.

அறிக்கையின் முதல் பக்கம்

நீளமான அறிக்கையை யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆகவே முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண் வையுங்கள், மறுக்க முடியாத எண்ணாக. எச்சரிக்கை வந்ததற்கும் பேச்சு நடந்ததற்கும் இடைப்பட்ட நாட்களின் இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் எண்ணைத்தான் நான் போடுகிறேன். என் இரண்டாவது மதிப்பீட்டில் அது ஏறத்தாழ இரண்டரை மாதம். காவல்துறைத் தலைவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எந்தச் சார்ஜென்ட் அதிகத் தாமதம் என்று கேட்டார். பெயர்களைத் தர மறுத்தேன். தந்திருந்தால் அடுத்த முறை எனக்கு யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தாமதத்தைக் கண்காணிப்பது யார் பொறுப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த வாரமே, சார்ஜென்ட்டுகளுக்கு மேலே இருக்கும் ஒரு லெப்டினன்ட்டிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு போனபோது தாமதம் மூன்று வாரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. நகல் வாக்கியம் கண்ணில் படவில்லை. குறிப்புகள் நீளமாக, சில இடங்களில் கோணல்மாணலாக, மனிதர்கள் எழுதியதைப் போல் இருந்தன. புகார்களும் குறைந்திருந்தன. ஆனால் ஆட்கள் குறைவு, ஒப்பிட ஏற்ற குழு இல்லை, இடையில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியிருந்தார்கள். குறைவுக்கு அமைப்புதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. நீக்கச் சொல்லி இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. வரி அங்கேயே இருக்கிறது.